கூட்டிப் பெருக்கிய காடு

அத்தியாயம் 14

காலை ஒன்பது மணிக்கு நிலத்தின் இரும்புக் கேட்டைத் தள்ளித் திறந்த விசிலக்கா, வேறு யாருடைய இடத்துக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி வெளியே வந்து பார்த்தாள்.

கேட் அவளுடையதுதான். துருப்பிடித்த கொண்டி, அதில் அவள் சுற்றி வைத்த பழைய சைக்கிள் டியூப், எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே கிடந்த தரைதான் அவளுடையதாக இல்லை.

கேட்டிலிருந்து கொய்யா மரங்கள் வரைக்கும், நிலத்தில் கால் பங்கு, மொட்டை அடித்த மாதிரி இருந்தது. சருகு இல்லை. பூசணிக்கொடி இல்லை. மரங்களுக்கு நடுவே அடர்ந்து கிடந்த அவரை, மஞ்சள், கீரை, எதுவும் இல்லை. மிஞ்சிய மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளைச் சுண்ணாம்பு வேறு பூசியிருந்தார்கள்.

நடுவில் அவள் தம்பி நின்றான். கையில் நீளத் துடைப்பம். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! எப்படி இருக்கு? பளிச்சுனு இல்ல?"

பதின்மூன்று வாரமாக இந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நடக்கிறவர்களுக்கு விசிலக்காவின் கோபத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் இந்தப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

அவள் இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். விசிலை வாயில் வைத்தால் பஸ் மட்டுமல்ல, தெருவே நிற்கும். செல்லாத பாஸைக் காட்டி அவளை ஏமாற்றிவிட்டு இறங்கினவர் யாரும் கிடையாது. முழங்கால் மக்கர் செய்ததும் வேலையை விட்டுவிட்டு, அப்பா விட்டுப்போன இந்த இரண்டு ஏக்கரில் வந்து உட்கார்ந்தாள்.

அப்பா விட்டுப்போனது நிலம் அல்ல, நிலத்தின் எலும்பு. மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்குப் பக்கத்துச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். மிச்சம் இருந்த தரையில் கடப்பாரையைப் போட்டால் டங்கென்று சத்தம் வரும். மழை பெய்தால் வந்த வேகத்தில் ஓடிவிடும்.

அதை நான்கு வருடத்தில் காடாக்கியவள் அவள். வெறும் காடு இல்லை; உயரத்தில் பப்பாளியும் முருங்கையும், அதன் கீழே கொய்யாவும் எலுமிச்சையும், அதற்கும் கீழே மரவள்ளி, தரையில் கொடிகள் என்று அடுக்கடுக்காகச் சாப்பாடு விளைகிற காடு. சரிவின் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரிப் பள்ளங்கள் வெட்டி, மழையை அங்கேயே உட்கார வைத்தாள். டிப்போவிலும் பூங்காவிலும் கூட்டித் தள்ளும் சருகைச் சாக்கில் அள்ளி, பழைய சகாக்களின் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து தரையை மூடினாள். ஒவ்வொரு சாக்குக்கும் லக்கேஜ் டிக்கெட் எடுத்தாள். சருகுக்கு டிக்கெட் எடுத்த ஒரே பிறவி என்று டிப்போவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

தம்பி பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளன். அங்கே அவன் பெயர் பினாயில். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. உழைப்பு மட்டும் ஒருத்தியுடையது.

இன்று பத்து மணிக்கு நில ஆய்வாளர் வருகிறார். இது புதர், பாம்புக் கூடாரம் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். 'பராமரிப்பற்ற நிலம்' என்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், சூளைக்காரர் மறுபடி மண்ணெடுக்க அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விதி அப்படி இருக்கிறது. நாலு வருடத்தில் ஜாண் கணக்கில் சேர்ந்த மண் மறுபடி செங்கல்லாகிவிடும்.

அதற்காகத்தான் விசிலக்கா பயிர்ப் பட்டியலை நகல் எடுக்க நேற்றே டவுனுக்குப் போயிருந்தாள். போன நேரத்தில்தான் இந்தக் கூத்து.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இன்ஸ்பெக்‌ஷன்னா சும்மாவா? எங்க ஆஸ்பத்திரிக்கு மேலதிகாரி வர்றாங்கன்னா முந்தின நாள் ராத்திரியெல்லாம் தேய்ப்போம். நம்ம பசங்க ஆறு பேரு. எல்லாருக்கும் இன்னிக்கு லீவு. உனக்காகன்னு சொன்னதும் விடியறதுக்கு முன்னாடியே மெஷினோட வந்துட்டாங்க!"

ஆறு பேரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டினார்கள். ஒருவர் கையில் புல் வெட்டும் மெஷின். இன்னொருவர் முதுகில் காற்றடிக்கும் மெஷின்.

"சருகு எங்கடா?"

"அதெல்லாம் எரிக்கலக்கா, எரிச்சா சட்டப்படி தப்பு. முறையா பையில கட்டி, தேதி எழுதி, குப்பை லாரில ஏத்திட்டேன். முப்பத்தாறு பை போயாச்சு. இதோ இந்த ஆறு அடுத்த லோடுக்கு."

கேட் ஓரமாகக் கருப்புப் பைகள் ஆறு, கழுத்தில் கயிறு கட்டி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, தம்பி கையெழுத்துப் போட்டிருந்தான்.

"பள்ளம்? இங்க குறுக்கால ரெண்டு பள்ளம் இருந்துச்சே?"

"மூடிட்டோம். தண்ணி தேங்கினா கொசு வரும்ல? சுகாதாரக் கேடுன்னு அதையே ஒரு பாயிண்டா எழுதிடுவாங்கக்கா."

 நான்கு வருடத்து வேலையை நான்கு மணி நேரத்தில் துடைத்துவிட்டு, பரிசு வாங்க வந்த பிள்ளை மாதிரி நிற்கிறான். எதிரி செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள். பாசத்தில் செய்தவனை எதைப் பிடித்து உலுக்குவது?

"உன்னை யாருடா கேட்டா? வார்டைக் கழுவற மாதிரி மண்ணைக் கழுவி விட்டிருக்கியே! இது தரை இல்லடா, தோலு! உயிரோட இருக்கறவன் தோலை உரிச்சுட்டு, சுத்தமா இருக்கான்னு என்னையே கேக்கறியா?"

தம்பியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. துடைப்பத்தைக் கீழே வைத்தான்.

"நல்லதுன்னு நெனைச்சுத்தான்க்கா…"

"நீ நல்லது நெனைக்காம இருந்தா எனக்குப் பெரிய உபகாரமா இருக்கும்."

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே தம்பியின் மனைவி நிற்பதைப் பார்த்தாள். டெய்லர் கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு டேப் எப்போதும் தொங்கும். கையில் டீ ஃபிளாஸ்க். மூன்று மாதத்துக்கு முன் அவர்களுடைய குட்டிப் பெண்ணை இந்த நிலத்தில் பாம்பு கடித்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கமே வந்ததில்லை. இன்றும் கேட்டைத் தாண்டாமல்தான் நின்றாள்.

"வாம்மா உள்ள. இனிமே பயப்பட ஒண்ணுமில்ல, உன் வீட்டுக்காரன்தான் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டானே."

அவள் குனிந்து தரையைப் பார்த்தபடி உள்ளே வந்தாள்.

பத்து மணி அடிக்கும்போது ஜீப் வந்தது. டிரைவர் கண்ணுக்கு அந்தச் சுத்தமான தரை நல்ல பார்க்கிங்காகத் தெரிந்திருக்க வேண்டும். நேராக உள்ளே ஏற்றி நடுவில் நிறுத்தினார்.

ஆய்வாளர் இறங்கினார். பளபளக்கும் ஷூ. கக்கத்தில் ஃபைல். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, புகார்ல என்னென்னமோ எழுதியிருந்துச்சு. இது நல்லாத்தானே இருக்கு! சுண்ணாம்பெல்லாம் அடிச்சு… இந்தப் பகுதி பராமரிப்புல இருக்குன்னு எழுதிடலாம்."

தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் 'சொன்னேன் பாத்தியா' இருந்தது. விசிலக்காவுக்கு இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அறைய வேண்டும் போல இருந்தது.

"சார், இந்தப் பகுதிலதான் ஒண்ணுமே இல்ல. இதைத்தான் இன்னிக்குக் காலைல கொன்னு போட்டிருக்காங்க. பராமரிப்பு அந்தப் பக்கம் இருக்கு, வாங்க."

கொய்யாவைத் தாண்டி உள்ளே கூட்டிப்போனாள். நான்கு அடி வைப்பதற்குள் வெயில் மறைந்து குளுகுளுவென்று ஆனது. காலடியில் சருகு மெத்தென்று அமுங்கியது. பப்பாளிகள் தலைக்கு மேல் காய்த்துத் தொங்கின. ஆய்வாளர் ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"இது என்னம்மா, ஒரே புதரா இருக்கு?"

"புதர் இல்ல சார். நீங்க மிதிச்சுட்டு நிக்கறது சேப்பங்கிழங்கு."

அவர் அவசரமாகக் காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"அது இஞ்சி."

அவர் அதற்குமேல் நகரவில்லை. ஃபைலைத் திறந்து படிவத்தை எடுத்தார். "சரி, பயிர் என்னன்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அவள் நகல் எடுத்த பட்டியலை நீட்டினாள். "நாப்பத்தொண்ணு இருக்கு சார்."

"நாப்பத்தொண்ணா? ஒண்ணு சொல்லுங்க மேடம். கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப கட்டத்தைப் பெருசு பண்ணுங்க."

"அது அச்சடிச்சு வந்தது. பயிர்னு ஒண்ணு இருந்தா வரிசையா இருக்கணும், நடுவுல ஆள் போற வழி இருக்கணும். இல்லாட்டி புதர்தான். நான் என்ன பண்றது?"

"இங்க கடப்பாரை இறங்காம கிடந்தப்போ உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் எட்டிப் பாக்கல. சூளைக்காரன் மண்ணை வழிச்சு எடுத்தப்போ ஒரு படிவமும் வரல. அப்பல்லாம் இது நல்ல நிலம், இல்லையா? நாலு வருஷமா ஒருத்தி முட்டி வலியோட சாக்கு சுமந்து உசுர் குடுத்திருக்கா. இப்ப வந்து கட்டம் பத்தலன்னு சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

அவள் குனிந்து சருகை விலக்கினாள். மண்ணுக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் வெண்ணெய்க்குள் போவது போல இறங்கியது. ஒரு பிடி அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கருப்பாக, ஈரமாக, இரண்டு மண்புழுக்கள் நெளிய இருந்தது. ஆய்வாளர் ஓரடி பின்வாங்கினார்.

"சரி சரி. பாம்பு இருக்குன்னு புகார் வந்திருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"இருக்கும் சார், ஏன் இல்லாம? தவளை வந்திருக்கு, எலி வந்திருக்கு, பாம்பும் வரத்தான் செய்யும். பாம்பு வந்தா மண்ணுக்கு உயிர் வந்துடுச்சுன்னு அர்த்தம்!"

பின்னால் ஏதோ கீழே விழுந்து உருண்டது. ஃபிளாஸ்க் மூடி. தம்பி மனைவி அதைக் குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். விசிலக்கா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் கண் முழுக்க அந்த ஒற்றைக் கட்டத்தின் மேலேயே இருந்தது.

"மேடம், நான் பாக்கறதைத்தான் எழுத முடியும்," என்றார் ஆய்வாளர். "முன் பகுதி பராமரிப்பில் உள்ளது. மீதி முக்கால் பங்கு புதர். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா…"

மழை அப்போதுதான் வந்தது.

காலையிலிருந்தே புழுங்கிக்கொண்டிருந்த வானம் மொத்தமாக அவிழ்த்துக் கொட்டியது. ஆய்வாளர் ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து ஓடினார். எல்லாரும் பின்னால் ஓடினார்கள்.

கொய்யா மரத்தடியில் விசிலக்கா மட்டும் நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு நிலம் தெரிந்தது. பின்னால், சருகு மூடிய பக்கத்தில், மழை விழுந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. பள்ளங்கள் சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தன. முன்னால், பெருக்கிய பக்கத்தில், தண்ணீர் செக்கச்செவேலென்று திரண்டு, கேட்டுக்கு அடியில் புகுந்து ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரா போகிறது? அவள் டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்த மண்ணல்லவா போகிறது!

"அக்கா…" தம்பி பக்கத்தில் வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. "எல்லாம் வெளிய போகுதேக்கா."

"போகட்டும். ரோடு சுத்தமாயிடும்."

அவன் ஓடினான். கேட்டருகே மண்டி போட்டு இரண்டு கையாலும் சேற்றை வாரி அணை கட்டப் பார்த்தான். கட்டக் கட்டக் கரைந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆறு பேரும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஜீப் உறுமியது. ஒரு முழம்கூட நகரவில்லை. அது நின்றிருந்த இடம் காலையில் மூடிய பள்ளம். தோண்டிப் போட்ட பொலபொல மண்ணில் பின் சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் இறங்கியிருந்தன. டிரைவர் மிதிக்க மிதிக்கச் சேறு வாரியடித்தது. பின்னால் தள்ள வந்த ஆய்வாளரின் சட்டையில் கொஞ்சம், ஷூவில் நிறைய.

"அம்மா!" அவர் கத்தினார். "டயருக்கு அடியில போட ஏதாவது இருக்கா? தழை, குப்பை, எதுனா!"

விசிலக்கா நனைந்தபடி நிதானமாக நடந்து வந்தாள்.

"இருந்துச்சு சார். முப்பத்தாறு பை. புதர்னு ஒரு பேரு, குப்பைன்னு ஒரு பேரு வெச்சு எல்லாத்தையும் அனுப்பியாச்சு. நீங்க பராமரிப்புன்னு எழுதின தரை இதுதானே, அதுவே தாங்கட்டுமே."

ஆய்வாளர் மறுபடி டயரைக் குனிந்து பார்த்தார். மழை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கேட் ஓரம் போய் ஆறு பைகளில் ஒன்றின் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். "டேய், வாங்கடா! இதைக் கொட்டுங்க! இந்த சாரு குப்பைன்னு சொன்னது அவருக்கே மெத்தையாகட்டும்!"

ஆறு பேரும் பாய்ந்து வந்து சருகை அள்ளி டயருக்கு அடியில் திணித்தார்கள். ஆய்வாளர் கையிலிருந்த ஃபைலை விசிலக்காவிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் நனையாம வெச்சிருங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவரும் தோள் கொடுத்தார்.

அவள் கொய்யா மரத்தடிக்குப் போனாள். கையில் எந்தத் தாள் வந்தாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் இருபத்திரண்டு வருடப் பழக்கம். பார்த்தாள்.

மேலே படிவம். அடியில் புகார். அதன் பின்னால் பின் அடித்த ஒரு தாள்.

'நிலத்தின் பங்குதாரர் சம்மதம்' என்று தலைப்பு. நிலம் பாம்புகளின் இருப்பிடமாகிவிட்டது, மண்ணெடுத்துச் சமப்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான்கு வரி. அடியில் தம்பியின் கையெழுத்து.

இது சூளைக்காரர் வேலை என்றுதானே விசிலக்கா நினைத்திருந்தாள்! சூளைக்காரரைத் திட்டித் தீர்த்த அத்தனை வாரமும் கண்முன் வந்து நின்றது. அப்படியானால் இந்தக் காலைப் பெருக்கல் பாசம் இல்லையா? கேட்டருகே சேற்றில் மண்டி போட்டுக் கிடக்கிறானே, அது நடிப்பா?

பிறகு அவள் கண் கருப்புப் பைகளின் மேல் போயிற்று. ஒவ்வொரு பையின் சீட்டிலும் அவன் கையெழுத்து இருந்தது. கோணல்மாணலாக, கடைசி எழுத்தை வாலை இழுத்துவிட்டு. தாளில் இருந்ததில் வால் இல்லை. எழுத்தெல்லாம் ஒரே சீராக, தையல் போட்ட மாதிரி இருந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். தம்பி மனைவி ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி அடுத்த மரத்தடியில் நின்றாள். அவளும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் போட்டேன் அண்ணி. அவருக்குத் தெரியாது."

"நீயா?" விசிலக்கா ஃபைலை அவள் பக்கம் திருப்பினாள். "என்னைக் கேட்டிருக்கலாமே! என் முகத்துக்கு நேரா வந்து சண்டை போட்டிருக்கலாமே! புருஷன் பேருல கள்ளக் கையெழுத்துப் போட்டு, அந்த சூளைக்காரன்கிட்ட கொண்டு போய்க் குடுத்திருக்கியே, எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு?"

"கொஞ்சம் முன்னாடி அந்த ஆபீசர்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. பாம்பு வந்தா மண்ணுக்கு உயிர் வந்துடுச்சுன்னு." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதையே இன்னொரு தடவையும் சொன்னீங்க. எங்க சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பச்சைத் திரை போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில். குட்டியின் கால் வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், நிலைமையை லேசாக்க ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

"அன்னிக்கு முடிவு பண்ணினேன் அண்ணி," என்றாள் அவள்.

ஜீப் ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது. ஆறு பேரும் கூச்சல் போட்டார்கள். ஆய்வாளர் தலையிலிருந்து கால் வரைக்கும் சேறாக மரத்தடிக்கு வந்து கையை நீட்டினார். திறந்திருந்த ஃபைலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"படிச்சுட்டீங்களா? காட்டக்கூடாதுதான். பரவாயில்ல, உங்க நிலம். அதுல ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கையெழுத்து கிய்யெழுத்துல சந்தேகம்னா புகாரே செல்லாது. போலீஸ் பாத்துக்கும்."

ஒரே ஒரு வார்த்தை. அது போதும், நிலம் தப்பித்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு செல்லாத பாஸைக்கூட அவள் கண்டும் காணாமல் விட்டதில்லை. தம்பி கேட்டருகே சேற்றைத் துடைத்தபடி, எதுவும் தெரியாமல், இவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"கையெழுத்து சரிதான் சார்," என்றாள் விசிலக்கா. "எழுதியிருக்கறதுதான் தப்பு. நான் உங்க படிவத்துல இன்னிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். போய்ட்டு, கட்டத்தைப் பெருசாக்கிக்கிட்டு வாங்க."

ஆய்வாளர் திரும்பி, சருகு மெத்தையில் ஏறி நின்ற தன் ஜீப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "திங்கக்கிழமை வர்றேன்," என்றார். "ஆனா பங்குதாரர் சம்மதம் இருக்குன்னு ஃபைல்ல ஏறிடுச்சு. அப்புறம் என் கையில இல்ல."

ஜீப் போயிற்று. மழை தூறலாகக் குறைந்தது. தம்பி மனைவி ஆடாமல் அசையாமல் நின்றாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

வேலையை விட்ட பிறகும் கழுத்திலேயே தொங்கும் பழைய விசிலை விசிலக்கா கையில் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"குட்டிக்குக் கால் இப்ப எப்படி இருக்கு?"

தம்பி மனைவி ஃபிளாஸ்க்கை மரத்தடியில் வைத்தாள். கழுத்து டேப்பைச் சரி செய்துகொண்டாள்.

"மூணு மாசத்துல இப்பத்தான் அண்ணி கேக்கறீங்க," என்றாள். "இன்னும் விந்தி விந்தித்தான் நடக்குறா."

அவள் செந்நீரில் கால் வைத்து, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனாள்.